பொறுப்பு: ராடோ

கணினியில் புதிதாகத் திறந்த பணியில், அவள் ஓர் எழுத்துகூடத் தட்டுவதற்கு முன்பே, பொறுப்பாளர் கட்டத்துக்குள் ராடோவின் பெயர் இருந்தது.

வெலினா அதை அழித்தாள். மூடிவிட்டு இன்னொரு பணியைத் திறந்தாள். அதிலும் இருந்தது. சோதித்துப் பார்க்கிற வசதிக்காகத் தன் பெயர் தானாக வரும்படி எழுதிவைத்துவிட்டு எடுக்க மறந்திருப்பான், அவனுக்கு அது வழக்கம்தான் என்று நினைத்துக்கொண்டு நிரல் முழுக்கத் தேடினாள். பெயர் எங்கும் இல்லை.

ராடோ அவள் கணவன். ருசே நகரத்தில், டான்யூப் ஆற்றைப் பார்த்த அடுக்குமாடியின் மேல்தளத்தில், ஒரே மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து மென்பொருள் எழுதிப் பிழைத்தவர்கள் இருவரும். வியன்னாவில் இருந்த ஒரு நிறுவனத்துக்காகக் கோடையிலிருந்து, நிரல் எழுதும் கருவியோடு பொருத்துகிற ஒரு ப்ளக்-இன் செய்துகொண்டிருந்தார்கள். நிரல் எழுதுபவர்கள் தங்கள் கருவியை விட்டு வெளியே போகாமலே, செய்யவேண்டிய பணி ஒவ்வொன்றையும் ஒரு சாளரத்தில் திறந்து, யார் பொறுப்பு, எந்த நிலையில் இருக்கிறது, என்ன சிக்கல் என்று அங்கேயே திருத்திக்கொள்ளலாம். அவ்வளவுதான் விஷயம். ராடோ அதில் ஒரு சின்ன வேலைப்பாட்டைச் சேர்த்திருந்தான். ஒரே பணியை இரண்டு பேர் திறந்திருந்தால், மற்றவர் தட்டும்போது அடியில் சாம்பல் நிறத்தில் ஒரு வரி வரும்: இன்னார் எழுதிக்கொண்டிருக்கிறார்.

“தனியா உக்காந்து வேலை செய்றவனுக்கு, எதிர்ல ஒரு ஆள் இருக்குன்னு தெரியணும், வெலி,” என்பான்.

நவம்பர் மூடுபனியில் அவன் நண்பன் பென்கோவுடன் மீன் பிடிக்கப் போனான். பெரிய சரக்குப் படகு ஒன்று எழுப்பிய அலையில் அவர்கள் படகு கவிழ்ந்தது. பென்கோ நீந்திக் கரையேறினான். ராடோ ஏறவில்லை. உடலும் கிடைக்கவில்லை.

அன்றே ஒரு பையைத் தூக்கிக்கொண்டு அவன் அம்மா ஸ்லாவ்கா வந்துவிட்டாள். கட்டிடத்தின் வாசற்கதவில் அக்கம்பக்கத்தார் அவன் படம் போட்ட மரண அறிவிப்பை ஒட்டியபோது, நகத்தால் சுரண்டிச் சுரண்டிக் கிழித்தாள். “உடம்பே வரல. அதுக்குள்ள எம்பிள்ள மூஞ்சிய கதவுல ஒட்டுறீங்களா?” அதற்குப் பிறகு யாரும் ஒட்டவில்லை. பாதிரியாரையும் கூப்பிடவில்லை. இறந்தவர்களுக்குப் படைக்கிற கோதுமையும் வேகவில்லை. வீட்டில் அழக்கூட முறைப்படி இடமில்லாமல் போயிற்று. கிறிஸ்துமஸுக்குள் வேலையை முடித்துத் தருகிறேன் என்று வெலினா வியன்னாவுக்குச் சொன்னது அதனால்தான். அவன் எழுதியதைப் படிப்பது ஒன்றுதான் அவனோடு இருக்க மிச்சமிருந்த வழி.

அந்தப் பெயர் தானாக வந்த அன்றைக்கு மதியம் தாண்டியதுமே மூடுபனி ஜன்னல் வரை ஏறி வந்துவிட்டது. ஆறு கண்ணுக்குத் தெரியவில்லை, ஆனால் படகுகள் ஒன்றையொன்று எச்சரித்து ஊதுகிற சங்கொலி, ஈரத்துணிக்குள்ளிருந்து வருவதுபோல மழுங்கி, நீண்டு, எங்கிருந்து வருகிறது என்று சொல்லமுடியாதபடி வந்துகொண்டிருந்தது. சுவரோரத்து வெந்நீர்க் குழாய்கள் சூடேறும்போது டிக் டிக்கென்றன. சமையலறையில் ஸ்லாவ்கா பீன்ஸ் சூப்புக்கு வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்தாள், அந்த வாசனையோடு சேர்ந்து, மெல்ல, படகுத்துறைப் படிக்கட்டில் வழுக்கும் பாசியின் வாசனையும் வந்தது.

ஜன்னல் சரியாக மூடவில்லையோ என்று எழுந்து பார்த்தாள். மூடித்தான் இருந்தது.

திரும்பி வந்து உட்கார்ந்தபோது சாம்பல் வரி வந்திருந்தது.

ராடோ எழுதிக்கொண்டிருக்கிறார்.

அவள் இணைய வயரைப் பிடுங்கினாள். அவனுடைய கணினி எதிர்ப்பக்கம் மூடிக் கிடந்தது, அதன் மேல் தூசி. வரி போகவில்லை. தட்டுவது நின்று, மறுபடி தொடங்கி, மறுபடி நின்றது. விரல் மரத்துப்போன ஒருவன் எழுத்துகளைத் தேடித் தேடி அழுத்துவதுபோல. பிறகு விவரக் கட்டத்தில் ஒரு சொல் வந்தது.

குளிருது.

பயந்திருக்கவேண்டும். முதலில் வந்தது பயமில்லை. இத்தனை நாள் வராத அழுகை சத்தமில்லாமல் வந்தது. முகத்தைத் துடைக்காமலே தட்டினாள். எங்கே இருக்கிறாய்?

பதில் வரவில்லை. எழுதிக்கொண்டிருக்கிறார் என்ற வரி மட்டும் நின்றது.

“யாருகிட்ட எழுதுற?”

ஸ்லாவ்கா பின்னால் நின்றாள், கையில் அகப்பை. மறைக்க நேரமிருக்கவில்லை. கிழவிக்குக் கண்ணாடி இல்லாமல் படிக்க வராது, ஆனால் மகன் பெயரின் வடிவம் தெரியும். திரையை நெருங்கி, அந்த எழுத்துகளின் மேல் விரல் வைத்தாள்.

“அவனா?”

“தெரியலம்மா. ஏதோ கோளாறு. நான் சரி பண்ணிடுவேன்.”

“என்ன சொல்றான்?”

வெலினா சொல்லாமல் இருந்திருக்கலாம். பின்னால் அதைத்தான் நினைத்து நினைத்து மருகினாள். ஆனால் அந்த முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல வாய் வரவில்லை.

“குளிருதாம்.”

ஸ்லாவ்கா தலையை ஆட்டினாள், அது தனக்கு முன்பே தெரியும் என்பதுபோல. “ஸ்வெட்டர் போட்டுக்கிட்டுப் போடான்னேன். எங்க கேட்டான். சாப்பிட்டானான்னு கேளு.”

“அம்மா, இது அவரு இல்ல. அவரா இருக்க முடியாது.”

“கேளும்மா. கேக்குறதுல என்ன வந்துச்சு?”

வெலினா கேட்டாள். இந்த முறை பதில் உடனே வந்தது, தடுமாற்றம் இல்லாமல்.

பசிக்குது.

ஸ்லாவ்கா அகப்பையோடு திரும்பினாள். சமையலறைக்குப் போனாள். அலமாரி திறக்கும் சத்தம் கேட்டது, தட்டு எடுக்கும் சத்தம். தனக்குள் பேசிக்கொள்வதும் கேட்டது. “புதினா கொஞ்சம் தூக்கலா இருந்தாத்தான் துரைக்கு எறங்கும்.” எத்தனையோ நாளுக்குப் பிறகு அந்தக் குரலில் சிரிப்பு இருந்தது.

வெலினா ப்ளக்-இன்னை நிறுத்தினாள். நிறுத்திய சாளரம் திரையில் அப்படியே நின்றது. கருவியையே மூடப் பார்த்தாள். மூடவில்லை. பாசி வாசனை இப்போது அறை முழுவதும் இருந்தது, ஈரக் கம்பளியும் பழைய டீசலும் கலந்து. திரையில் புதிய பணி ஒன்று தானாகத் திறந்தது.

நாற்காலியை இழு. பொறுப்பு: அம்மா. நிலை: தொடங்கவில்லை.

சமையலறையில் நாற்காலி தரையைக் கீறிக்கொண்டு நகர்ந்தது.

நிலை: முடிந்தது.

“அம்மா?” என்றாள்.

விளக்கை அணை. பொறுப்பு: அம்மா.

கதவிடுக்கில் தெரிந்த மஞ்சள் வெளிச்சம் போயிற்று.

முடிந்தது.

ஸ்லாவ்கா திரையைப் பார்க்கவில்லை. பார்க்க முடியாது. இரண்டு அறைக்கும் நடுவில் சுவர் இருந்தது. ஆனாலும் யாரோ அவளிடம் சொல்லிக்கொண்டிருந்தார்கள், அவளும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

கைப்பேசி அதிர்ந்தது. பென்கோ. படகு கவிழ்ந்த அன்றிலிருந்து அவன் கூப்பிட்டதே இல்லை, கூப்பிட வெட்கப்பட்டான்.

“வெலினா, தனியா இருக்கியா? உக்காந்துக்க.” மூச்சு வாங்கினான். “கெடைச்சிட்டான். ஆத்துல கீழ, துத்ரகான் ஊருகிட்ட, நிறுத்திவெச்ச படகுக்கு அடியில. நான் நேர்ல பாத்துட்டேன். மோதிரம் இருக்கு. அவன்தான்.”

அவள் கைப்பேசியைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

“அங்கதான் கெடந்திருக்கான், மொத நாள்லேர்ந்து. டாக்டர் சொல்றாரு, அவனுக்கு ஒண்ணுமே தெரிஞ்சிருக்காதாம். உடனே முடிஞ்சிருக்கும்னு. கேக்குதா? அவன் கஷ்டப்படல. அம்மாகிட்டயும் சொல்லு. இனிமே அடக்கம் பண்ணலாம்.”

“பென்கோ,” என்றாள். “அவரு உன் எதிர்லயா இருக்காரு? இப்பவா?”

“ஆமா. துணி போத்தி வெச்சிருக்காங்க. ஏன்?”

சமையலறையில் கரண்டி தட்டில் பட்டது. மெல்ல. மறுபடி.

“அப்ப இங்க யாரு?” என்றாள் வெலினா. பென்கோ ஏதோ கேட்டான். அவள் கைப்பேசியை மேசையில் வைத்துவிட்டிருந்தாள்.

திரையில் கடைசியாக ஒன்று திறந்தது. பொறுப்பு: வெலினா. பணியின் பெயர் இருக்கவேண்டிய இடம் காலி. ஆனால் நிலை மாறியிருந்தது. நடந்துகொண்டிருக்கிறது. அப்போதுதான் தான் எழுந்து நிற்பதையும், மேசையைத் தாண்டி வந்துவிட்டதையும், தரை ஈரமாக இருப்பதையும் உணர்ந்தாள். காலுறை நனைந்தது. குளிர் கணுக்காலில் ஏறியது. ஓடிவிடலாம். வாசற்கதவு இடது பக்கம்தான். ஆனால் உள்ளே கிழவி இருந்தாள். மகனை ஆறு கொண்டுபோன நாளிலிருந்து வெலினாவையே பிடித்துக்கொண்டு நிற்கிற கிழவி. விட்டுவிட்டுப் போக முடியாது.

கதவைத் தள்ளினாள்.

ஜன்னலில் பனியின் வெளிறிய வெளிச்சம். மேசை. ஸ்லாவ்காவின் முதுகு. அவள் பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்து, இழுத்துப் போட்ட நாற்காலியைப் பார்த்து, குழந்தைக்கு ஊட்டுவதுபோல இடது கையைக் கரண்டிக்கு அடியில் ஏந்தியிருந்தாள். நாற்காலியில் இருந்த இருட்டு மற்ற இருட்டைவிடக் கனமாக இருந்தது. அதிலிருந்து நீர் சொட்டியது.

“அம்மா, எந்திரிங்க. ராடோவைக் கண்டுபிடிச்சிட்டாங்க. பென்கோ கூடத்தான் இருக்காரு. இது அவரு இல்லம்மா.”

ஸ்லாவ்கா திரும்பவில்லை.

“தெரியும்மா,” என்றாள், மிகவும் மெதுவாக, அழுதுகொண்டே. “வாயத் தொறந்தப்பவே தெரிஞ்சுபோச்சு. ஆனா பசிக்குதுங்குதே.”

கரண்டி நிறைந்து இருட்டுக்குள் போனது. காலியாகத் திரும்பி வந்தது. மறுபடி நிறைந்தது. மறுபடி போனது. ஒவ்வொரு முறையும் ஸ்லாவ்காவின் கை முன்பைவிடக் கொஞ்சம் ஆழமாக உள்ளே போய் வந்தது. மணிக்கட்டு வரை. பிறகு முழங்கை வரை.