துப்பாக்கிக்கான வரிசை

ஸ்பெயின் உள்நாட்டுப் போரின் அந்த 1936 நவம்பரில் மாட்ரிட் நகரத்தார் போர்முனைக்கு டிராமில் போனார்கள். முடிதிருத்தும் பெனிக்னோவும் வெறுங்கையோடு கடைசி நிறுத்தத்தில் இறங்கினான். கலகப் படை ஆற்றைத் தாண்டிவிட்டது. தலைநகரைக் காக்க ஆட்கள் ஏராளம், துப்பாக்கிக்குத்தான் பஞ்சம். அதனால் துப்பாக்கி வைத்திருப்பவனுக்குப் பின்னால் ஒருவனை உட்கார வைத்தார்கள். முன்னால் இருப்பவன் விழுந்தால், பின்னால் இருப்பவன் எடுத்துக்கொள்ள வேண்டும். என்ன பிழைப்பு பாருங்கள், இன்னொருவன் சாவதற்காகக் காத்திருப்பது!

அவனைப் பல்கலைக்கழகக் கட்டடத்தின் மூன்றாம் மாடிக்கு அனுப்பினார்கள். நடுப்பகலிலும் அந்த அறை இருண்டு கிடந்தது. ஜன்னலைத் தடித்த புத்தகங்களால் அடைத்து, நடுவே ஓர் ஓட்டை விட்டிருந்தார்கள். ஈரச் சுண்ணாம்பு வாசனை, அதற்கு அடியில் வேறேதோ இனிப்பான நாற்றம். ஓட்டையருகே ஜன்னல்களுக்குக் கண்ணாடி பொருத்தும் தொழிலாளியான ஃபெர்மின் துப்பாக்கியோடு குந்தியிருந்தார்.

ரொட்டிக்கடையோ தபால் நிலையமோ, வரிசையில் சேருமுன் யாருக்குப் பின்னால் நிற்பதென்று ஒரு கேள்வி கேட்பது அந்த ஊர்ப் பழக்கம். பெனிக்னோவின் வாய் தானாகக் கேட்டுவிட்டது.

"யாருங்க கடைசி?"

"நான்தான்" என்றது மூலையில் ஒரு மெல்லிய குரல்.

ஃபெர்மினின் முகம் வெளுத்தது. "எதுக்குய்யா கேட்டே?"

"ஏன், மூலையில இருக்கிறவர்தான் பதில் சொன்னாரே."

"மூலையில யாருமில்ல."

பெனிக்னோ திரும்பிப் பார்த்தான். யாருமில்லை. சுவரில் காய்ந்த கறை மட்டும் இருந்தது.

"ஒனோஃப்ரேன்னு பேரு" என்று ஃபெர்மின் கிசுகிசுத்தார். "செவ்வாய்க்கிழமை எனக்குப் பின்னால உட்கார்ந்திருந்தான். குண்டு என்னை விட்டுட்டு அவன் நெத்தியில பாஞ்சது. துப்பாக்கியைத் தொட்டுக்கூடப் பாக்கல, பாவம். இன்னும் அவன் முறைக்குக் காத்துக்கிட்டிருக்கான்."

"நல்ல ஆளுய்யா நீங்க. புதுசா வந்தவனை இப்படியா பயமுறுத்துறது?"

"சொன்னாக் கேளு. நான் விழுந்தா இதைத் தொடாதே. எழுந்து வீட்டுக்குப் போயிரு."

"வீடு எட்டே நிறுத்தம் தள்ளி இருக்கு. பொண்டாட்டியும் ரெண்டு பொண்ணுங்களும் அங்கேதான் இருக்காங்க. நாம இங்க விட்டா, சாயங்காலம் அவனுங்க என் வாசல்ல நிப்பானுங்க."

ஃபெர்மின் பதில் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் ஓட்டை வழியே வந்த குண்டு அவரைச் சாய்த்துவிட்டது.

பெனிக்னோவின் தோளை உரசியபடி ஏதோ முன்னால் நகர்ந்தது.

ஐஸ் போலச் சில்லென்றிருந்தது.

அவன் பாய்ந்தான். துப்பாக்கியைப் பற்றி இழுத்தான். மறுபக்கம் யாரோ இழுத்தார்கள். ஃபெர்மினின் கைகளோ விரிந்து கிடந்தன.

"என் பொண்ணுங்களுக்காகய்யா, விடு" என்று அழுதான்.

பிடி தளர்ந்தது.

வெளியே புகைக்குள் ஓடி வந்தவர்களைச் சுட்டான். இரண்டு பேர் விழுந்தார்கள், நான்கு பேர் வந்தார்கள். எவ்வளவு சுட்டாலும் இந்த ஊர் தப்பாது என்று அவனுக்குப் புரிந்துபோயிற்று. ஆனாலும் சுட்டான். எட்டு நிறுத்தம். அவன் மனதில் அது ஒன்றுதான் ஓடியது.

பின்கழுத்தில் மூச்சு பட்டது.

அவன் திரும்பவில்லை.

கடைசித் தோட்டாக்களை எண்ணிக்கொண்டிருந்தபோது வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. உயிருள்ள மனிதனின் சத்தம்! பெனிக்னோவுக்குக் கண்ணீரே வந்துவிட்டது. மாவு படிந்த சட்டையோடு, வெறுங்கையாக, ஒரு புது ஆள் நின்றிருந்தான்.

"வாய்யா, வா! எனக்குப் பின்னால வந்து உட்காரு."

புது ஆள் தயங்கினான். பெனிக்னோவின் முதுகுக்குப் பின்னால் இருந்த வெற்றிடத்தைப் பார்த்து மரியாதையாகத் தலையசைத்தான். பிறகு இரண்டடி தள்ளி, சுவரோரமாக உட்கார்ந்தான்.

"பரவால்லீங்க, நான் இங்கயே உக்காந்துக்கறேன். ரொம்ப நேரம் ஆகாதுன்னு இவரு சொல்றாரு."