முட்டிவலியோடு வந்த நடுக்கம்

வலது முட்டிக்குள் யாரோ ஆணியை வைத்துத் திருகுவது போல வலித்தது. பொன்சிங்குக்கு அந்த முட்டியில் ஒரு கோளாறும் கிடையாது. துறைமுகத்தில் மூட்டை தூக்கித் தூக்கி அவனுக்குப் போனது இடுப்பு. ஆனாலும் முட்டி வலித்தது. வலித்த அதே நொடியில் நெஞ்சு ஒரு துடிப்பு நின்று, பிறகு தறிகெட்டு அடித்தது. வயிறு மேலே ஏறித் தொண்டையை இடித்தது. பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்தான். எல்லாம் மெல்ல இறங்கியது. முட்டி மட்டும் கொஞ்ச நேரம் விண்விண் என்று தெறித்துக்கொண்டிருந்தது.

"என்னவே, முட்டிக்காரியா?" என்றான் பக்கத்து பெஞ்சில் கிடந்த சேர்மத்துரை.

பொன்சிங் தலையை ஆட்டினான். கொஞ்ச நாளாகவே, வெயில் ஏறுவதற்கு முன்னால், இது வருகிறது. ஆள் யாரென்று தெரியாது. பெண் என்பது மட்டும் தெரியும். நடுங்கும்போது ஆண் கையை முறுக்குவான், பெண் மூச்சைப் பிடிப்பாள். இந்த வேலையில் கொஞ்ச நாள் இருந்தால் அதெல்லாம் பிடிபட்டுவிடும்.

அவர்கள் இருந்தது தூத்துக்குடி துறைமுகச் சாலையோரத்துப் பழைய உரக் கிடங்கில். இப்போது அதற்குத் தாங்கிக் கூடம் என்று பெயர். பெஞ்சுகளில் ஆண்களும் பெண்களும் உட்கார்ந்தும் சாய்ந்தும் கிடந்தார்கள். திடீரென்று ஒருவர் துள்ளுவார். இன்னொருவர் "அம்மா" என்பார். யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஒரு நர்ஸ் நாடி பார்த்துக்கொண்டே போய் வருவாள்.

அதிர்வளை வந்து சில வருசம் ஆகிறது. ரோட்டில் இறங்கும் எல்லோரும் மணிக்கட்டில் அதைப் போட்டிருக்க வேண்டும். கார்காரன் ஒருவன் உரசுகிற மாதிரி வந்து உங்களைப் பதறவைத்தால், அந்தப் பதற்றத்தை வளை அளந்துகொள்ளும். காருக்குள் இருக்கும் மீளி என்ற பெட்டி, யார் பதறவைத்தது என்று கண்டுபிடித்து, அதே பதற்றத்தை ஓட்டுகிறவன் கையிலுள்ள வளை வழியாக அவன் உடம்புக்குள் திருப்பி அனுப்பும். நெஞ்சடைப்பு, வயிற்றுப் புரட்டல், கால் நடுக்கம், எல்லாம் அப்படியே போகும். பதறியவருக்கு அப்போது உடம்பில் இருந்த வலியும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு போகும்.

வந்த புதிதில் ஊரே தலைகீழாக மாறியது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் மேல் ஏற்றுகிற மாதிரி திருப்பிய ஒரு பஸ் டிரைவர், ஏழெட்டுப் பிள்ளைகளின் பயம் ஒரேயடியாக வந்து இறங்கியதில், வண்டியை ஓரங்கட்டிவிட்டுச் சாக்கடையோரம் குந்தி வாந்தி எடுத்தார். ஆட்டோக்காரர்கள் கிழவிகளுக்குக் கை காட்டி வழி விட்டார்கள். ஹாரன் சத்தம் குறைந்து காக்காய்ச் சத்தம் கேட்க ஆரம்பித்தது. ரோட்டில் யார்மேல் தப்பு என்று தீர்மானிக்கச் சாட்சியும் டயர் தடமும் இனி வேண்டாம், நடுக்கத்தின் அளவே போதும் என்று சட்டத்தையும் மாற்றிவிட்டார்கள்.

நெஞ்சு நோயாளிகளுக்கு இது ஆகாது என்று டாக்டர்கள் சொன்னார்கள். நியாயம்தான். அவர்களுக்கு வர வேண்டிய நடுக்கத்தை வேறொருவர் தாங்கலாம் என்று ஒரு சலுகை வந்தது. அதன் பிறகு கார் வைத்திருக்கும் வாலிபப் பையன்களுக்கெல்லாம் வரிசையாக நெஞ்சு நோய் வந்தது.

பொன்சிங் தாங்குவது கிளாட்வினுக்கு. இறால் ஏற்றுமதிக்காரர் மகன், வெள்ளைக் கார். விடியற்காலையில் வீட்டிலிருந்து கம்பெனிக்குப் பறப்பான். அவன் கையில் வளை கிடையாது. அது பொன்சிங் கையில் இருந்தது.

"மூட்டைன்னா எறக்கி வைக்கலாம். இதை எங்கவே எறக்கி வைக்க?" என்பான் சேர்மத்துரை. முன்னாள் லாரி டிரைவர். ஒரு ஜவுளிக்கடைக்காரருக்குத் தாங்குகிறவன். ஒரு காலத்தில் தான் ரோட்டில் பயங்காட்டிய ஆட்களெல்லாம் சேர்ந்து சாபம் விட்டதில்தான் இந்த பெஞ்சில் வந்து கிடப்பதாகச் சொல்லிச் சிரிப்பான்.

அன்று சாயங்காலம் பொன்சிங் வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தான். உள்ளே போய் உட்கார முடியவில்லை. கூடத்திலிருந்து வந்த பிறகும் உடம்பு எதையோ எதிர்பார்த்தே நிற்கும். ஜெபக்கனி உப்பளத்திலிருந்து வந்தாள். நாளெல்லாம் உப்பு வாரிய கால்கள் வெள்ளை பூத்திருந்தன. படியேறும்போது வலது முட்டியை உள்பக்கமாக ஒரு விரலால் அழுத்திக்கொண்டு, மூச்சைப் பிடித்தாள்.

அவனுக்கு அந்த மூச்சு தெரிந்திருந்தது. கட்டின பெண்டாட்டியின் மூச்சு என்பதால் அல்ல. காலையில் அதை அவன்தான் பிடித்தான்.

"ஏட்டி, இங்க வா. எந்த எடத்துல வலிக்கு?"

அவள் முதலில் வலியே இல்லை என்றாள். முட்டிவலி என்று தெரிந்தால் உப்பளத்தில் கணக்கப்பிள்ளை வேலைக்கு எடுக்க மாட்டான், அதனால் வீட்டிலும் சொல்லவில்லை. பொன்சிங் குனிந்து, சரியாக அந்த இடத்தில் விரலை வைத்தான். அவள் துள்ளினாள்.

காலையில் நடந்து போகும்போது ஏதாவது கார் உரசுகிற மாதிரி வருகிறதா என்று கேட்டான். அவள் கொட்டித் தீர்த்தாள். உப்பாத்துப் பாலத்தில் நடக்க ஓரம் கிடையாது. ஒரு வெள்ளைக் கார் தினமும் சேலையைப் பிடித்து இழுக்கிற மாதிரி போகிறது. ஒருநாள் தூக்குச்சட்டி கைப்பிடிச் சுவரில் இடித்து, கஞ்சி முழுக்க ஆற்றில் போயிற்று.

"ஒவ்வொரு தடவையும், அனுபவிலே நாயேன்னு சொல்லிட்டுத்தான் நடப்பேன். அவனுக்குத் திரும்பிப் போவும்லா, அதுல ஒரு நிம்மதி" என்றாள்.

"அவனுக்குப் போவல. எனக்கு வருது."

அவள் புரியாமல் பார்த்தாள். தாங்கி வேலைக்குப் போகிறான் என்று தெரியும். யாருக்கு, எந்தக் காருக்கு என்று அவனும் சொன்னதில்லை, அவளும் கேட்டதில்லை. இருட்டில் கிளம்பி அலுத்து வந்து விழுகிற வீட்டில் தண்ணி வந்ததா, அரிசி இருக்கிறதா என்பதைத் தாண்டிப் பேச்சு போவதில்லை. இப்போது புரிந்ததும் முதலில் சிரித்தாள். புருசனைத்தான் தினமும் நாயே என்றிருக்கிறாள். அவனும், வீட்டில்தான் உன் பாடு தாங்க முடியவில்லை, வேலைக்குப் போன இடத்திலுமா என்று கிண்டல் பண்ணினான். அப்புறம் அவள் சிரிப்பு நின்றது. ரொம்ப வலிக்குமா என்று கேட்டாள். பொய் சொல்லியிருக்கலாம். அவன் சொல்லவில்லை. நெஞ்சு நின்று போகிறது என்றான். இரண்டு மூன்று தாங்கிகள் பெஞ்சிலேயே போய்ச் சேர்ந்த கதையையும் சொன்னான்.

சுற்றுப் பாதையில் போகச் சொன்னான். சுற்றிப் போனால் உப்பளத்துக் கேட்டைச் சாத்திவிடுவார்கள், ஆனாலும் பார்க்கிறேன் என்றாள்.

அந்த வாரம் கிளாட்வின் தாங்கி வைக்கும் அனுமதியைப் புதுப்பிக்கக் கூடத்துக்கு வந்தான். மோசமான பையன் என்று சொல்லிவிட முடியாது. எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுப்பான், அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவான். பொன்சிங் அவனை ஓரமாக அழைத்துப் போய்ப் பாலத்தைப் பற்றிச் சொன்னான். அங்கே நடப்பது என் வீட்டுக்காரி, அந்த இடத்தில் மட்டும் கொஞ்சம் பார்த்துப் போ தம்பி என்று கெஞ்சினான்.

கிளாட்வினுக்கு நிஜமாகவே ஆச்சரியம். "அவ்வளவு பக்கத்துலயா போறேன்? எனக்கு ஒண்ணுமே தெரியலையே அண்ணாச்சி." பிறகு தோளில் தட்டி, "நான் பாத்துப் பாத்து ஓட்டுனா அப்புறம் உங்களுக்கு ஏது வேலை?" என்றான். பகடியாகத்தான் சொன்னான். சரி, பார்க்கிறேன் என்றும் சொன்னான்.

மறுநாள் முட்டிவலி வந்தது. அதற்கடுத்த நாளும் வந்தது, கொஞ்சம் லேசாக. பிறகு நின்றுவிட்டது.

வேறு நடுக்கங்கள் வந்துகொண்டுதான் இருந்தன. சைக்கிளில் போகும் கிழவர் ஒருவர், மீன்கூடைக்காரி ஒருத்தி. முட்டிக்காரி மட்டும் இல்லை. ஊரைக் காலி பண்ணிவிட்டாளா என்று சேர்மத்துரை கேட்டதற்கு, கிளாட்வினுக்குப் புத்தி வந்திருக்கும், இல்லையென்றால் அவள் சுற்றிப் போகிறாள் என்றான் பொன்சிங். ஆனால் அந்த நேரம் நெருங்கினால் உட்கார மாட்டான். கிடங்குக் கதவுக்கும் பெஞ்சுக்குமாக நடப்பான். கை தானாக வலது முட்டிக்குப் போகும். வராவிட்டாலும் நிம்மதியில்லை. வந்துகொண்டிருந்தவரை, அவள் பாலத்தைத் தாண்டிவிட்டாள் என்றாவது தெரிந்தது.

சாயங்காலம் ஜெபக்கனி படியேறும்போதே கேட்பாள்: "இன்னைக்கு ஒண்ணும் வரலல்லா?"

வரவில்லை என்பான். அவள் முகத்தில் ஒரு மலர்ச்சி வரும். பகலெல்லாம் வேலை பார்த்துக் களம் நிறைத்தவளின் மலர்ச்சி. சுற்றித்தானே போகிறாய் என்று ஒருநாள் கேட்டபோது, முதுகைக் காட்டிக்கொண்டு நின்றவள் திரும்பவே இல்லை. இரண்டாம் முறை சத்தமாகக் கூப்பிட்ட பிறகுதான் திரும்பி, காதிலிருந்து பஞ்சை உருவினாள். உப்புக்காற்று காதைக் குடைகிறது என்றாள். கேட்ட கேள்வி அதோடு போயிற்று.

அந்தச் செய்தி வந்த காலையில் அவன் உடம்பு அமைதியாக இருந்தது. முட்டி வலிக்கவில்லை, நெஞ்சு குதிக்கவில்லை. கிழவர்கூட அன்று பதறவில்லை. நர்ஸ் நாடி பார்த்து, இன்றைக்கு நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போன கையோடு, ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது.

பாலத்தின் நடுவில் வெள்ளைக் கார் பின்னாலிருந்து இடித்திருக்கிறது. அவள் ஒதுங்கவில்லை, திரும்பவில்லை. தலைத்துணி காதோடு இறுகக் கட்டியிருந்தது. இடித்த நொடியிலேயே நினைவு போய்விட்டது. நினைவில்லாத உடம்பு நடுங்குவதில்லை.

அவளுக்கு நினைவு திரும்பியபோது வலது கால் முட்டிக்கு மேலே எடுக்கப்பட்டிருந்தது. அதை அவளிடம் யார் சொல்வது என்று தெரியாமல் பொன்சிங் கட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவள் அவன் முகத்தையே பார்த்தாள். உதடு காய்ந்திருந்தது.

"உங்களுக்கு ஒண்ணும் வரலல்லா?"

"வரலட்டி."

"நான் திரும்பிப் பாக்கவே மாட்டேன். காதையும் அடைச்சிக்கிடுவேன். பாத்தாத்தான பயம் வரும்." கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டுச் சொன்னாள்: "மொதல்ல கஷ்டமாத்தான் இருந்துச்சு. அப்புறம் பழகிட்டு."

மூட்டை தூக்கும் இடத்தில், எதிரே வருகிறவன் தள்ளாடினால் கேட்காமலே தோளைக் கொடுப்பார்கள். அவனும் கொடுத்திருக்கிறான். அந்தப் பழக்கத்தை அவள் எங்கே கற்றாள் என்று அவன் யோசிக்கத் தேவையிருக்கவில்லை. நெஞ்சு நின்று போகிறது என்று அவளிடம் சொன்னவன் அவன்தான்.

சாலை விசாரணை அலுவலகத்தில் விசாரணை ரொம்ப நேரம் நடக்கவில்லை. அதிகாரி ஒரு பெண். பொறுமையாகத்தான் கேட்டார். மீளி காட்டிய அளவு பூஜ்யம். பாதசாரியிடம் நடுக்கமே இல்லை, ஆகவே ஓட்டியவரிடம் தவறு இல்லை. பாதசாரிதான் கவனமில்லாமல் நடந்திருக்கிறார். பொன்சிங் எழுந்து, அவள் எனக்காகப் பயத்தை அடக்கினாள் என்றான். அவருக்கு அது புரிந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஆனால் அடக்கிய பயத்தை எதை வைத்து அளப்பது என்று அவருக்கும் தெரியவில்லை. டயர் தடத்தைப் பார்க்கலாமே என்றான் அவன். அந்தப் பிரிவை மூடி ரொம்ப நாள் ஆகிறது என்றார்.

"தாங்கி நீங்கதானே. அன்னைக்கு அந்த நேரத்துல உங்க உடம்புல ஏதாவது வந்ததா?"

பொய் சொன்னால் வளை காட்டிக்கொடுக்கும். சொல்லாவிட்டால் மனைவியின் கால் போனது அவள் தப்பு என்றே ஆகும். மூலையில் கிளாட்வின் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தான். அவனுக்கு இருந்த ஒரே சாட்சி பொன்சிங்தான்.

"வரல" என்றான்.

வெளியே வந்ததும் கிளாட்வின் ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டான். கண் கலங்கியிருந்தது. மருத்துவச் செலவெல்லாம் நான் பார்க்கிறேன், என்ன வேண்டுமென்றாலும் கேளுங்கள் என்றான். ஒரு சத்தம்தான் கேட்டது, அப்போதுகூட என்னவென்று தனக்குத் தெரியவில்லை என்று சொன்னான். அதில் பொய் இல்லை.

பொன்சிங் வளையைக் கழற்றி நீட்டினான்.

"செலவு கெடக்கட்டும் தம்பி. ஒரே ஒரு தடவை இதை நீ போட்டுட்டு அந்தப் பாலத்துல ஓட்டு."

கிளாட்வின் கையை இழுத்துக்கொண்டான். டாக்டர் கூடாதென்று சொல்லியிருக்கிறார் என்றான். சொல்லும்போதே அவன் முகம் வெளுத்தது. அவ்வளவு நாளில் முதல் தடவையாக அவன் எதற்கோ பயந்தான், ஆனால் அது ஜெபக்கனியின் பயம் அல்ல. வளையை அவன் காலடியில் வைத்துவிட்டுப் பொன்சிங் நடந்தான்.

மத்தியானத்துக்குள் அதைச் சேர்மத்துரை எடுத்துப் போட்டுக்கொண்டான். ஆஸ்பத்திரிக்கு வந்து தானே சொன்னான். ரெண்டு வளை போட்டால் ஆகாது என்று நர்ஸ் சொன்னாளாம், ஜவுளிக்கடைக்காரரை விட்டுவிட்டானாம். "நான் எடுக்கலன்னா வேற ஒருத்தன் எடுப்பாம்வே" என்றான். அது உண்மைதான்.

மறுநாள் விடிந்து வெயில் ஏறும் முன்னால், ஜெபக்கனி தூங்கிக்கொண்டிருக்க, பொன்சிங் வார்டின் வராந்தாவில் நடந்துகொண்டிருந்தான். கீழே ரோட்டில் வண்டிகள் போய்க்கொண்டிருந்தன. அந்த நேரம் வந்ததும் அவன் கை தானாக வலது முட்டியைப் பிடித்தது. கையில் வளை இல்லை. எதுவும் வரவில்லை. இந்நேரம் பாலத்தில் வேறு யாரோ மூச்சைப் பிடித்திருப்பார்கள், கிடங்கு பெஞ்சில் சேர்மத்துரை துள்ளியிருப்பான், கிளாட்வின் பாட்டுக் கேட்டுக்கொண்டு போயிருப்பான்.

ஆஸ்பத்திரிச் செலவைக் கிளாட்வின் கட்டிவிட்டான். ஜெபக்கனிக்கு அவன் தர வேண்டியது ஒரு நடுக்கம். அதை இன்னும் தரவில்லை.