பெட்டி சுமந்த ஒன்பது பேர்

தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்திலிருந்து துரை பங்களாவுக்குக் கால் மணி நேர ஏற்றம். அப்பா தன் வாழ்நாளில் அதன் பின்வாசல் வரைக்கும்தான் போயிருக்கிறார். கிருஷாந்தி முன்வாசல் வழியாக நுழைந்தாள்.

உள்ளே பூஞ்சண வாடை. பட்டப்பகலிலும் விளக்குப் போட வேண்டிய இருட்டு. மேசை நிறையப் பழைய படங்கள்: கொழுந்து நிறுக்கும் பெண்கள், கொட்டகலை ரயில் நிலையம், துப்பாக்கியோடு துரைமாரின் தொண்டர்படை. எல்லாவற்றையும் கணினியில் ஏற்றி, யார் யார் என்று பதிய வேண்டும். லயத்திலிருந்து கெம்பஸ் போய்ப் படித்த முதல் ஆள் என்று, தோட்டத்தின் கொழும்புக் கம்பெனி அவளுக்கு அந்த வேலையைக் கொடுத்திருந்தது. துணைக்கு ஹட்டனில் ஸ்டூடியோ வைத்திருக்கும் நஸீர்; அவளுக்கு நானா, அண்ணன் முறை.

உலக யுத்தகாலப் படம் ஒன்று. முன்வரிசையில் துரைமார், ஒவ்வொருவருக்கும் பேர். காலடியில் நாய், அதற்கும் பேர். பின்னால் தலையில் தோட்டாப் பெட்டிகளோடு, வெறுங்காலோடு ஒன்பது பேர். அவர்களுக்குக் கீழே, 'மற்றும் கூலிகள்'.

"நாய்க்குப் பேரு இருக்கு, நஸீர் நானா."

"நாய் மரியாதையா உக்காந்திருக்கும்மா. கோவத்த கீபோர்டுல காட்டாதீங்க, ஏற்கனவே ரெண்டு எழுத்து வேல செய்யல."

அந்த ஒன்பது பேரையும் லயத்துக்கே தெரியும். பெட்டி தூக்கி மலையேறினார்கள், இறங்கவில்லை. மண் சரிந்துவிட்டது என்றார் துரை. யாரும் தோண்டவில்லை. மறுநாள் காலை பெரட்டுக்களத்தில் தப்படித்து வேலைக்குப் பேர் கூப்பிட்டபோது அந்த ஒன்பது பேர்களையும் சொல்லாமல் தாண்டிப் போய்விட்டார்கள், அவ்வளவுதான். வீட்டுக்காரர்கள் விடவில்லை. அந்தப் பேர்களை வம்சத்தில் பிறந்த பிள்ளைகளுக்கு வைத்தார்கள்.

கிருஷாந்தி வீடு வீடாகக் கேட்டுத் தாளில் எழுதி வைத்திருந்தாள். இடது ஓரத்து ஆளுக்குக் கீழே முதல் பேரை அடித்தாள்: அழகுமுத்து. அப்பாவின் தாத்தா. அப்பாவின் பேரும் அதுதான்.

பனி இறங்கியது. தாளை மேசையிலேயே விட்டுவிட்டுக் கிளம்பினாள். மழையில் கடைசி பஸ்ஸைத் தவறவிட்ட நஸீர் பங்களாவிலேயே தங்கிவிட்டார்.

விடியும்போது தப்புச் சத்தம் கேட்டது.

பெரட்டுத் தப்பு. அவள் பிறப்பதற்கு முன்பே நிறுத்திவிட்ட பழக்கம்.

அப்பா வாசலில் நின்றார். கவ்வாத்துக் கத்தி வெட்டிய கட்டைவிரலில், நேற்று அவள் சுற்றிய வெள்ளைத் துணி.

"எங்கப்பா போறீங்க?"

"பேரு கூப்பிடுறாங்கல்ல, புள்ள."

"யாருப்பா?"

அவர் அவளைப் பார்க்கவில்லை. பனியைப் பார்த்து, "இருக்கேங்க," என்றார்.

கையைப் பிடித்தாள். ஈரமண் மாதிரி குளிர்ந்து, பிடியிலிருந்து நழுவியது.

பனிக்குள் போனவரைத் தேடி ஓடினாள்; பெரட்டுக்களத்தில் அவருடைய செருப்பு மட்டும் ஜோடியாகக் கிடந்தது.

பங்களாவுக்கு ஓடினாள். திரையில் அதே படம். இடது ஓரத்தில் அப்பாவின் முகம். பெட்டியைப் பிடித்த கட்டைவிரலில் வெள்ளைத் துணி.

"அழிங்க நானா! அந்தப் பேர அழிங்க!"

"ஏம்மா, ராத்திரியே கொழும்புக்கு அனுப்பியாச்சே." நஸீர் தூக்கக் கண்ணோடு சிரித்தார். "ஒன்னத்தானே போட்டிருந்தீங்க, பாவம்னு இருந்துச்சு. உங்க தாளப் பாத்து மிச்ச எட்டையும் நானே போட்டுட்டேன்."

ஜன்னலுக்கு ஓடினாள். கீழே லயத்துப் பக்கம் மறுபடி தப்பு.

லயத்தில் ஒரு கதவு திறந்தது. "இருக்கேங்க."

இன்னொன்று.

கத்தினாள். அவள் குரல் தேயிலையைத் தாண்டவில்லை. மொத்தம் ஏழு கதவுகள் திறந்தன. எட்டாவது வீடு பூட்டிக் கிடந்தது. அந்த வீட்டுப் பெரியதம்பி அண்ணன் கொழும்பில் ஒரு கடையில் வேலைக்கு நிற்கிறார். அவராவது தப்பினார்.

கையிலிருந்த போன் அடித்தது. பெரியதம்பி அண்ணன்.

பஸ் இரைச்சல். ஹாரன். அதற்கும் மேலாக, மிகப் பக்கத்தில், தப்பு.

"இருக்கேங்க," என்றார் அவர்.