சுவிஸ் மலையில் ஒரு நீல வாளி

சுவிஸ் மலையடிவாரத்தில் சிவலட்சுமியின் நீல வாளி கிடந்தது.

சிவக்கொழுந்து மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, சேலைத் தலைப்பால் துடைத்து, திரும்பப் போட்டுக்கொண்டு பார்த்தாள். பனி மூடிய மலை. அதன் கீழே பச்சைப் புல். புல்லில் கழுத்தில் மணி கட்டிய மாடுகள். ஒவ்வொரு மாட்டின் இமைமயிரையும் எண்ணிவிடலாம், அவ்வளவு தெளிவு. அந்த மாடுகளுக்கு நடுவே, கைபிடி உடைந்து வயர் கட்டிய, பக்கவாட்டில் தார் பூசி அடைத்த, பக்கத்து வளவுக் கிணற்றடியில் நாள்தோறும் கிடக்கும் அதே வாளி. ஒரு மாடு அதற்குள் தலையை விட்டு முகர்ந்து பார்த்தது. பிறகு படம் மாறி, கடலடி மீன்கள் நீந்தத் தொடங்கின.

அவளுக்குப் பயம் வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. சிவலட்சுமியின் வாளிகூடத் தனக்கு முந்திச் சுவிஸுக்குப் போய்விட்டதே என்ற எரிச்சல்.

எல்லாம் அந்தச் சிவலட்சுமியால் வந்தது. கணவன் ஏரம்புவின் கூடப்பிறந்த தங்கை, வேலிக்கு அந்தப் பக்கத்து வீடு. அவளுடைய மகன் தனஞ்சயன் சுவிஸிலிருந்து ஒரு 4கே ரீவி எடுத்துக் கொடுத்திருந்தான். கதவு நிலையைக் கழற்றித்தான் அதை உள்ளே ஏற்றினார்களாம். போட்ட அன்று நறுவிலிக்குளத்தில் பாதி வீடுகளுக்கு லைட் மங்கிவிட்டதாம். அதன் வெளிச்சத்துக்கு வயலிலிருந்த கொக்கெல்லாம் விடிந்துவிட்டதென்று பறந்ததாம். அன்றிலிருந்து ஏரம்பு பொழுதுபட்டால் வீட்டில் நிற்பதில்லை. விதைப்புக் காலத்தில்கூட இப்படி வேளைக்கு வயலுக்குப் போகாத மனுசன், மேல் கழுவி, திருநீறு பூசி, மாப்பிள்ளை மாதிரி வேலிப் பொட்டுக்குள்ளால் நுழைந்து தங்கை வீட்டுக்குப் போய்விடுவார். திரும்பி வந்து சொல்வதெல்லாம் அதன் புகழ்தான்.

"இஞ்சரப்பா, பந்து போடுறவன்ர நகத்துக்க ஊத்தை தெரியுது!"

சிவக்கொழுந்தின் கூடத்தில் இரண்டு கதிரைகள். ஒன்றில் அவள். மற்றது மாதக்கணக்காகச் சும்மா கிடந்தது. அந்தக் கதிரையில் மனுசனைத் திரும்பக் கொண்டுவந்து இருத்தவேண்டும், அதைவிட அவளுக்கு வேறு ஒன்றும் வேண்டாம். அதற்காகப் பிரான்ஸில் இருக்கும் மகள் வேணுஜாவிடம் போனில் அழுதாள். அழுத அழுகையில் பரிஸில் மழை பெய்திருக்கும். ரீவி வந்தது. மன்னார் ரவுணிலிருந்து பவ்ஸான் வந்து டிஷ் பூட்டினான்.

"அன்ரி, ரீவியும் 4கே, பெட்டியும் 4கே. ஆனா உண்மையான 4கே சனல் இப்போதைக்கு இந்த ஒண்டுதான். மத்ததெல்லாம் சின்னப் படத்தை இழுத்துப் பெருப்பிச்சுக் காட்டுறது."

"பக்கத்து வீட்டுக்கும் இந்த ஒண்டுதானோ?"

"ஓம் அன்ரி. மேல இருந்து எல்லாருக்கும் ஒரே படம்தான் வருது."

"அவவின்ர டிஷ் எவ்வளவு உயரம்?"

பவ்ஸான் சிரித்தான். "உயரத்துக்கும் படத்துக்கும் ஒரு தொடர்பும் இல்ல."

"எனக்குத் தொடர்பிருக்கு. நீ ஏத்து தம்பி."

மொட்டை மாடியில், தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில், தலைமன்னார் வெளிச்சவீடே அண்ணாந்து பார்க்கும் உயரத்தில் டிஷ் ஏறியது. இறங்கும்போது பவ்ஸான் ஒன்றைச் சொல்லிவிட்டுப் போனான்.

"டிஷ்ஷுக்கு முன்னால கை மாதிரி நீட்டிக்கொண்டு நிக்குதே, அதின்ர நுனியில இருக்கிறதுதான் அதின்ர கண். அதில மட்டும் ஒண்டும் கட்டிப்போடாதீங்க."

அவன் மோட்டார்சைக்கிள் சந்தி திரும்புவதற்குள் சிவக்கொழுந்து ஏணியைத் தேடினாள். வயலில் கதிர் வந்தால் வெருளி கட்டுகிறோம், புது வீடு எழும்பினால் வெருளி கட்டுகிறோம், ஊர்க்கண் முழுவதும் விழப்போகிற புது டிஷ்ஷுக்கு வேண்டாமா? அதிலும் சிவலட்சுமியின் கண்! ஏரம்புவின் பழைய சாரத்திலும் சேட்டிலும் வைக்கோலை அடைத்தாள். பானைக்குக் கரி பூசித் தலையாக வைத்தாள். சுண்ணாம்பால் இரண்டு கண்களை, கோழிமுட்டை அளவில், இமையில்லாமல் வரைந்தாள். கருமணியைப் பக்கத்து வளவுப் பக்கம் ஒதுக்கி வைத்தாள். முழங்கால் நோவெல்லாம் பொறாமையில் மறந்துபோக, ஏணியில் ஏறி, டிஷ்ஷின் அந்தக் கண்ணோடு சேர்த்து இறுக்கிக் கட்டினாள்.

அன்று மாலைதான் வாளி தெரிந்தது. ஏரம்பு வந்து ஒரு வாய் தேநீர் குடிக்கும் நேரம் இருந்தார். "நல்லாத்தான் இருக்கு" என்றார். சால்வையை உதறித் தோளில் போட்டார். போய்விட்டார்.

மறுநாள் மலை தெரியவே இல்லை. கிணற்றடி மட்டும் தெரிந்தது, கப்பியில் வழிந்த எண்ணெய், கல்லில் காய்ந்த சவர்க்கார நுரை, வாளியின் அடியில் நெளிந்த புழு. அடுத்த நாள் கொடியில் காய்ந்த சேலை, அதற்கடுத்த நாள் குசினி யன்னல், யன்னலுக்குள்ளே தாளித்த கடுகு வெடித்து மேலே எழும்புவதுகூட ஒவ்வொன்றாக. ஒவ்வொரு மாலையும் படம் இன்னும் கொஞ்சம் கிட்டப் போனது. சிவக்கொழுந்து இதை ஒருவருக்கும் சொல்லவில்லை. கதவைச் சாத்தி, விளக்கை அணைத்து, பலகாரத் தட்டோடு வந்து குந்துவாள். ஊரில் ஆருக்குக் கிடைக்கும் இந்தச் சனல்!

அவள் பார்த்த வாளி மறுநாள் இரண்டாகப் பிளந்து கிடந்தது. அவள் பார்த்த சேலை மடிப்பு மடிப்பாக இற்றது. பிறகொரு மாலை, குசினிக்குள் சிவலட்சுமி குளித்த தலையைக் கோதிக்கொண்டு நின்றாள். இந்த வயதிலும் நரை தட்டாத, முழங்கால் வரை விழும் கூந்தல். சிவக்கொழுந்து அதை ஆசை தீரப் பார்த்தாள்.

விடிந்ததும் வேலியடியில் குரல் கேட்டது.

"மச்சாள், இஞ்ச ஒருக்கா வாங்கோவன்."

சிவலட்சுமியின் உள்ளங்கையில் ஒரு குருவிக்கூடு அளவுக்கு மயிர்.

"சீப்பு வைக்கேல்ல மச்சாள். கை வைச்சாலே வருது."

"ஐயோ! தண்ணி ஒத்துக்கொள்ளேல்லையாக்கும்." சிவக்கொழுந்தின் முகத்தில் அவ்வளவு துக்கம். வயிற்றுக்குள் திருவிழா.

"தண்ணியில்லை. குசினிக்க நிண்டாலும் ஆரோ பாக்கிற மாதிரிக் கிடக்கு. பிடரியில கொசு குந்தின மாதிரி." அவள் தலையை உயர்த்தினாள். "அதுசரி, உங்கட வெருளியைக் கழட்டிப்போட்டியளோ? காணேல்ல."

சிவக்கொழுந்து நிமிர்ந்து பார்த்தாள். வெறும் டிஷ். அதன் கையில் அவிழ்ந்த கயிறு தொங்கியது.

"காத்துக்கு விழுந்திருக்கும்" என்றாள்.

காற்று அடித்து ஒரு கிழமை. முற்றத்தில் பானை ஓடு ஒன்றும் கிடக்கவில்லை. வைக்கோல் மட்டும், இங்கொன்றும் அங்கொன்றுமாக, ஒரு வரிசையில், வேலிப் பொட்டு வரை போயிருந்தது.

அன்று பின்னேரம் மழை பிடித்தது. ஓட்டில் கல்லெறிவது மாதிரியான மழை. ஊரிலுள்ள டிஷ் எல்லாம் கண்ணை மூடிவிடும் மழை. ரீவியைப் போடுவதில்லை என்று சிவக்கொழுந்து நினைத்திருந்தாள். ஆனால் ஏரம்பு மழை வருமுன்னமே குடையையும் எடுத்துக்கொண்டு அங்கே போயிருந்தார். அந்தச் சும்மா கிடந்த கதிரை அவளைப் பார்த்தது. அவள் ரிமோட்டை எடுத்தாள்.

மழைக்குள்ளும் படம் கண்ணாடி மாதிரி வந்தது. சிவலட்சுமியின் கூடத்து யன்னல், கம்பியில் உருளும் மழைத்துளி, உள்ளே அந்தப் பெரிய ரீவி. அது நீலமாக வெறித்துக்கொண்டு நின்றது. சிக்னல் இல்லை. சிவக்கொழுந்தின் நெஞ்சு ஒருமுறை துள்ளியது. அங்கே படம் இல்லை! இனி மனுசன் எழும்பி வந்துதானே ஆகவேண்டும்? அவள் ஓடிப்போய்க் கதவின் கொண்டியை எடுத்துவிட்டு வந்தாள். பக்கத்துக் கதிரையின் தூசியைத் தட்டினாள்.

ஏரம்பு எழும்பவில்லை. வடையைக் கடித்துக்கொண்டு, எதற்கோ வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பை அவள் கேட்டு எத்தனை காலம்!

"அண்ணை, படம் இனி வராது. வீட்டை போங்கோவன்" என்றாள் சிவலட்சுமி. "மச்சாளும் ரீவி வாங்கித்தானே வைச்சிருக்கிறா."

"அங்க போய்?" ஏரம்புவின் உதட்டு வெடிப்புகூடத் தெரிந்தது. "அவள் ரீவியைப் பாக்கிறேல்லை பிள்ளை. என்னைத்தான் பாக்கிறாள். ஆரோட கதைச்சன், என்ன திண்டன், ஏன் சிரிச்சன் எண்டு. அந்தக் கண்ணுக்கு முன்னால ஒரு வாய் தேத்தண்ணி இறங்காது."

சிவக்கொழுந்துக்குக் காது அடைத்தது. ஆனால் அதைக் கேட்டது அவள் மட்டும் அல்ல போலிருந்தது.

படம் திரும்பியது.

யன்னல் விலகியது. மழை. இருட்டிக்கொண்டு வந்த முற்றம். பிளந்த வாளி. படம் ஆடி ஆடி நகர்ந்தது, காலில்லாத ஒன்று நடக்கப் பழகுவது மாதிரி. கீழே, திரையின் ஓரத்தில், நனைந்த சாரத்தின் கரை. நீலத்தில் வெள்ளைக் கோடு. அவளே தோய்த்துத் தோய்த்து வெளுக்க வைத்த சாரம்.

வேலிப் பொட்டு.

அவள் ரிமோட்டை அமத்தினாள். சனல் மாறவில்லை. ரீவி நிற்கவில்லை.

அவளுடைய முற்றம். அவளுடைய படி.

"இஞ்சருங்கோ!" என்று கத்தினாள். மழை அதைத் தின்றது. முழங்கால் எழும்ப விடவில்லை.

ஏரம்புவுக்காகக் கொண்டி எடுத்துவிட்ட கதவு, திரையில் திறந்தது. முதுகுக்குப் பின்னாலும் திறந்தது.

திரையில் ஒரு கிழவியின் பிடரி. கொண்டை. சேலைக்கு மேலே ஒரு மச்சம். அவள் திரும்பவில்லை. திரும்பினால் நேரில் பார்க்கவேண்டும். திரையில் மட்டும் பார்த்தாள். பிடரி பெரிதானது. இன்னும் பெரிதானது. பக்கவாட்டில் நகர்ந்தது.

ஈர வைக்கோல் மணம். சுண்ணாம்பு. ஏரம்புவின் பழைய வேர்வை.

பக்கத்துக் கதிரை கிறீச்சிட்டது.

ஒருவர் இருந்த மாதிரி.

வேலிக்கு அப்பால் ஏரம்பு சிரித்தார். இங்கே திரை முழுவதும் சிவக்கொழுந்தின் முகம், பக்கத்திலிருந்து, மிகக் கிட்ட. தோடு. சுருக்கம். சுருக்கத்துக்குள் ஓடும் வேர்வை. கொண்டையிலிருந்து ஒரு மயிர் தானாகக் கழன்று தோளில் விழுந்தது. பிறகு ஒரு பிடி. அவள் அசையவில்லை. கதிரையில் இருந்தது இன்னும் கொஞ்சம் அவள் பக்கம் சாய்ந்தது.

இப்போது திரையில் அவளுடைய கண் மட்டும். இமைமயிர்கள் ஒவ்வொன்றாக எண்ணலாம்.

முதலாவது உதிர்ந்தது.