பிளாஸ்திரியில் ஒரு பாஸ்வேர்டு!

“சிஸ்டர்! ஏழாம் நம்பர் பெட்... மூச்சில்லை!”

தலைமை நர்ஸ் ஓடினாள்.

பயனில்லை. ஆஸ்பத்திரியின் முதலாளி, பெரிய டாக்டரின் மாமனார், போய்ச் சேர்ந்திருந்தார்.

கட்டிலோர மெஷின் மட்டும் வலி மருந்தை இறக்கிக்கொண்டேயிருந்தது. பத்து மடங்கு வேகத்தில்!

ஒரு மணி நேரத்தில் போலீஸ் வந்தது.

“கம்ப்யூட்டர் சொல்றதைத்தான் மெஷின் கேட்கும். பதினொண்ணு இருபதுக்கு யாரோ அளவை மாத்தியிருக்காங்க,” என்றாள் இன்ஸ்பெக்டர். “உங்க பேர்ல, டாக்டர்!”

“நான் மாடியில இருந்தேன் மேடம்.” பெரிய டாக்டர் நெற்றியைத் துடைத்தார். “என் பாஸ்வேர்டு சிஸ்டருக்குத் தெரியும். அப்ப டியூட்டியும் அவங்கதான்.”

தலைமை நர்ஸ் பதறிக்கொண்டு முன்னால் வந்தாள்.

“சார்! ‘ஆளுக்கொண்ணு எதுக்கும்மா, என் பேர்லயே போட்டுக்கங்க’ன்னு சொன்னதே நீங்கதானே? ஆறு வருஷமா வார்டே அதுலதான் ஓடுது! மானிட்டர்லயே பிளாஸ்திரியில எழுதி...”

திரும்பினாள்.

பிளாஸ்திரி இல்லை. பசைத் தடம்தான் இருந்தது!

“ஏன்டி, நீயாவது சொல்லேன்!” பக்கத்து நர்ஸின் கையைப் பிடித்தாள்.

“எனக்கெதுக்குக்கா வம்பு? எனக்குத் தெரியவே தெரியாது.”

லேப்காரர் விட்டத்தைப் பார்த்தார்.

நேற்றுவரை நாற்பது பேர் வாயில் இருந்த பாஸ்வேர்டு... இன்று ஒருவருக்கும் தெரியவில்லை!

“ஸ்டேஷனுக்குக் கிளம்புங்க சிஸ்டர். வீட்டுக்குப் போன் பண்ணணும்னா பண்ணிக்கங்க,” என்றாள் இன்ஸ்பெக்டர்.

வீட்டில் பள்ளிக்கூடம் விட்டு வரும் மகள் ஒருத்திதான். அவளிடம் என்னவென்று சொல்வது?

“ஒரு நிமிஷம் மேடம்...”

கம்ப்யூட்டர் ஆள். ‘அப்டேட் பண்ணுங்க, அப்டேட் பண்ணுங்க’ என்று உயிரை எடுப்பதால், வார்டில் அவனுக்குப் பெயரே ‘அப்டேட்’!

“இன்னைக்குக் காலையில புது சாஃப்ட்வேர் போட்டேன். உள்ள நுழையறவங்க முகத்தை அது படம் எடுத்து வெச்சுக்கும். திரையில கொட்டை எழுத்துல அனுமதி கேட்டுச்சே... யாரும் படிக்கலையா?”

“ஏதோ வந்துச்சு. ‘சரி’ன்னு அமுக்கிட்டேன்,” என்றாள் தலைமை நர்ஸ், ஈனக் குரலில்.

“எல்லாரும் அதைத்தான் செஞ்சாங்க.”

படங்கள் ஓடின. கொட்டாவி விடும் பக்கத்து நர்ஸ். பல் குத்தும் லேப்காரர். பதினெட்டு முகம்... ஒரே பெயர்!

“அக்கா... பயத்துல அப்படிச் சொல்லிட்டேன்க்கா...”

தலைமை நர்ஸ் அந்தப் பக்கம் திரும்பவேயில்லை.

பதினொன்று இருபது.

பெரிய டாக்டர்! ஒரு கண் திரையில்... மறு கண் கதவில்!

“மாமனார் போனா ஆஸ்பத்திரி மருமகனுக்கு. அவ்வளவுதானே?” என்றாள் இன்ஸ்பெக்டர்.

“இது... இது என் அனுமதி இல்லாம எடுத்த படம்!”

“கொடுத்திருக்கீங்களே சார்,” என்றான் அப்டேட். “நீங்களும் ‘சரி’தான் அமுக்கியிருக்கீங்க.”

இன்ஸ்பெக்டர் கைதுக் காகிதத்தை நீட்டினாள்.

“கையெழுத்துப் போடுங்க டாக்டர்... இதையாவது படிச்சுட்டுப் போடுங்க!”