விரிசலின் வயது

நேற்றுப் பூசிய பெயின்ட் இன்று மதியமே பிளந்திருந்தது. மயிரிழை அகலம்தான். நிலவறையின் வடக்குச் சுவரில் தரையிலிருந்து கிளம்பி இடுப்பு உயரத்தில் நின்றிருந்தது. மேலோரச் சிறு ஜன்னல் வழியே யூட்டா மலையடிவாரத்துப் பனி வெளிச்சம் வழிந்துகொண்டிருந்தது, ஹீட்டர் முனகிக்கொண்டிருந்தது, அதையெல்லாம் மீறி, அப்போதுதான் தோண்டிய மண்ணின் ஈர வாசனை வெர்னனின் மூக்கில் ஏறியது.

அவன் புவியியலாளன். மனம் தானாகவே வரிசை போட்டது. எது எதை வெட்டுகிறதோ, அது அதற்குப் பிந்தியது. கான்கிரீட்டுக்கு இரண்டு வயது. பெயின்ட் நேற்றையது. விரிசல் அதற்கும் பிந்தியது.

இந்த வரிசையில்தான் அவன் பொய் சொல்லியிருந்தான். வீடுகள் கட்டுமுன் இங்கே ஆழமாகப் பள்ளம் வெட்டி, நிலநடுக்கப் பிளவு மேல்மண்ணையும் வெட்டியிருக்கிறதா என்று பார்த்தார்கள். வெட்டியிருந்தால் பிளவுக்கு இன்னும் உயிர் இருக்கிறது. வீடு கட்டக் கூடாது.

"மேல்மண்ணையும் வெட்டியிருக்குப்பா," என்றாள் அன்று அவனோடு பள்ளத்தில் வேலை பார்த்த கோரா. "கண்ணை எங்க வச்சிருக்க? முதல் வருஷப் பிள்ளைகூடச் சொல்லிடும்."

"கட்டுறவன் எனக்கொரு வீடு தர்றேங்கிறான். பிளவு கீழயே நின்னுபோச்சுன்னு எழுதிடலாம், கோரா."

"செத்தாலும் கையெழுத்துப் போட மாட்டேன்."

மறுநாள் காலை அவள் பள்ளத்துக்குள் மண்சுவரைக் கரண்டியால் வழித்துக்கொண்டிருந்தபோது, மண் சரியாமல் தாங்கிய முட்டுகளைத் தளர்த்திவிட்டது வெர்னன்தான். மண் அவள்மேல் சரிந்தது. உடலை எடுத்தார்கள். விபத்து என்று எழுதினார்கள். அந்தப் பள்ளத்தின் மேலேயே எழும்பிய வீட்டில் அவன் குடியும் வந்தான். கூச்சமில்லாத மனுஷன்.

இப்போது பென்சிலை எடுத்து, விரிசலின் நுனிக்கு மேலே குறுக்காக ஒரு கோடு கிழித்தான். பக்கத்தில் மணியும் எழுதினான். சுவருக்குள்ளிருந்து மெல்லிய சுரண்டல் கேட்டது. கரண்டியால் மண்ணை வழிக்கும் சத்தம். கீழிருந்து மேலே, நிறுத்தி நிதானமாக.

கோடு வெட்டுப்பட்டிருந்தது.

இன்னொரு கோடு. அதுவும். மூன்றாவதைக் கிழித்துக்கொண்டிருக்கும்போதே, பென்சில் முனைக்கு அடியிலேயே.

"அந்தச் சுவரையே கட்டிக்கிட்டியா?" மேலிருந்து மனைவி மெர்லா கத்தினாள். "சாப்பாடு ஆறுது, மேல வா!"

பயம், அப்பட்டமான பயம். விரிசலை உள்ளங்கையால் அழுத்தி மூடினான். சுரண்டல் நின்றது.

குளிர். ஈரம். வலி இல்லை.

கையை எடுக்க முடியவில்லை. மணிக்கட்டிலிருந்து முழங்கைக்கு மயிரிழைக் கோடு ஒன்று ஏறிக்கொண்டிருந்தது. ரத்தமில்லை. பொடிமண்தான் உதிர்ந்தது. தோள். கழுத்து. தாடை.

"இப்பச் சொல்லுப்பா," காதுக்குள் கோரா சிரித்தாள். "எது முந்தி, எது பிந்தி?"

பிளவு நகர்ந்தால் ஒரு பக்கம் இறங்கும். அது அவனுக்குத் தெரிந்ததுதான்.

படியிறங்கி வந்த மெர்லா, தட்டோடு அப்படியே நின்றாள். வெர்னனின் இடது கண் அவள் முகத்தைப் பார்த்தது. ஒரு சாண் கீழே இறங்கியிருந்த வலது கண், அவள் கையிலிருந்த தட்டைப் பார்த்தது. இரண்டும் சிமிட்டின.