எர்த் கொடுக்காத தகடு

சமையலறைச் சுவர் முனகிக்கொண்டிருந்தது. மழைதான் அப்படிக் கேட்கிறது என்று முதலில் நினைத்தான் வயர்மேன். ஆனால் மழை ஏறியும் இறங்கியும் பெய்துகொண்டிருக்க, இது மட்டும் ஒரே சீராக, வாயை இறுக மூடிக்கொண்டு யாரோ தொண்டைக்குள்ளேயே அழுவதுபோல, ஸ்விட்ச் பாக்ஸுக்குப் பின்னாலிருந்து வந்துகொண்டிருந்தது.

"நீ வயர் இழுத்த வீடு என்னைக் கிள்ளுதுடா தம்பி." அக்கா சிரித்தாள். பாத்திரம் கழுவிய கையைத் துண்டில் துடைத்துக்கொண்டாள். "காலையிலேருந்து லைட்டைப் போடப் போனா சுருக்கு சுருக்குங்குது."

கூடத்தில் செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து அவள் கணவர் தலையை நீட்டினார். "என்ன இன்ஜினியர் சார்? வேலையிலே ஏதாச்சும் கோளாறா?"

படிப்பைப் பாதியில் விட்டவனுக்கு மாமா கொடுத்த பட்டம் அது. இந்தப் புது வீட்டு வேலையை அவனிடம் கொடுக்கவே கூடாது என்று அவர் ஒற்றைக் காலில் நின்றார். அக்கா முகம் கொடுத்துப் பேசாமலே இருந்து அவரைச் சம்மதிக்க வைத்தாள்.

"ஒண்ணுமில்ல மாமா. கை ஈரம். ஈரக் கையோட தொட்டா யார் வீட்டுலயும் அப்படித்தான்."

சொல்லும்போதே அவனுக்குக் காது மடல் சுட்டது. காரணம் தெரியும். துருப்பிடிக்காது என்று சுவருக்குள் பிளாஸ்டிக் பாக்ஸ் புதைத்தவன், அக்கா ஆசைப்பட்டாள் என்று அதன்மேல் பளபளக்கும் எஃகுத் தகட்டை மாட்டியிருந்தான். எர்த் கொடுத்த இரும்பு பாக்ஸாக இருந்தால் திருகு வழியே தகடும் எர்த்தில் சேர்ந்துகொள்ளும். பிளாஸ்டிக்கில் சேராது. தனியாக ஒரு பச்சை எர்த் கம்பி இழுத்துத் தகட்டில் கட்டியாக வேண்டும். குடிவரும் அவசரத்தில், யார் பார்க்கப்போகிறார்கள் என்று விட்டுவிட்டான். போதாக்குறைக்கு நீளத் திருகு. அதன் முனை உள்ளே கரண்ட் கம்பியின் தோலைக் கிழித்திருக்கும். கரண்ட் மண்ணுக்குள் இறங்க வழியில்லாததால் ஃபியூஸ் போகாது. தகடு பேசாமல் இருக்கும், தொடுகிற கை வரும்வரை.

"தப்பு என்னுது" என்று சொல்லியிருக்கலாம். மாமா சிரித்திருப்பார். அது பரவாயில்லை. தம்பிக்காகச் சண்டை பிடித்தவள் அந்தச் சிரிப்பின் முன்னால் தலை குனிந்து நிற்பாள். அதை நினைத்ததும் டெஸ்டரைச் சட்டைப் பைக்குள் தள்ளி மறைத்தான்.

மாமா குடையோடு கடைக்குக் கிளம்பும்வரை காத்திருந்தான்.

"கொஞ்ச நேரம் அந்த ஸ்விட்சைத் தொடாதக்கா." ஏன் என்று சொல்லவில்லை.

டெஸ்டரைத் தகட்டில் வைத்தான். அதன் விளக்கு சிவப்பாக எரிந்தது. எதிர்பார்த்ததுதான். நடையிலிருந்த தகட்டிலும் எரிந்தது. ஈரச் சாந்து வாசனைக்குள் முடி பொசுங்கிய நாற்றம் மெல்லிசாகக் கலந்திருந்தது. சுவரோரமாக அந்த முனகல் அவனோடு கூடவே நடந்து வந்தது. கூடத்துத் தகட்டிலும் எரிந்தது. எல்லாத் திருகும் கம்பியைக் கிழித்திருக்குமா? பின்கட்டு மரக்கதவின் தாழ்ப்பாளில் டெஸ்டரை வைத்தான். அந்தக் கதவுப் பக்கம் அவன் ஒரு கம்பிகூட இழுத்ததில்லை.

எரிந்தது.

ஓடிப்போய் மெயின் ஸ்விட்சை இறக்கினான். ஃபிரிட்ஜ் ஓய்ந்தது. வீடு மழை இருட்டில் முங்கியது.

முனகல் ஓயவில்லை.

தாழ்ப்பாளில் மறுபடி வைத்தான். எரிந்தது. முன்னைவிடப் பிரகாசமாக.

"அக்கா!"

உள்ளே ஓடினான்.

சமையலறையில் அவள் முதுகைக் காட்டி நின்றிருந்தாள். வலது உள்ளங்கை தகட்டில் பதிந்திருந்தது. வெளிச்சம் போனதும் பழக்கத்தில் ஸ்விட்சைத் தேடியிருப்பாள். தோள்கள் மிக நுண்மையாக அதிர்ந்தன. விழவில்லை. கரண்ட் இல்லாத வீட்டில், தகட்டோடு ஒட்டி நின்றாள். இடது கை பின்பக்கம் நீண்டு விரல்களை விரித்தது. மடக்கியது. விரித்தது.

தொடக்கூடாது. மரக்கட்டை வேண்டும். காய்ந்த மரம். நாற்காலி. கூடத்தில்.

திரும்பினான்.

வாசலில் மாமா. பர்ஸை மறந்துவிட்டுத் திரும்பி வந்திருந்தார். குடையை மீறி நனைந்த சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. "என்ன, கரண்ட் போயிடுச்சா?" என்றவர் மனைவியைப் பார்த்தார். "ஏய்... என்னம்மா?"

அவனைத் தாண்டி உள்ளே போனார். அவள் கையை நோக்கிக் கையை நீட்டினார்.

தொடாதீங்க. அவ்வளவுதான் சொல்ல வேண்டும்.

ஏன் என்று கேட்பார்.

அந்த ஒரு கேள்விக்காக அவன் தயங்கினான். கண் இமைக்கும் நேரம்தான்.

அது போதுமாக இருந்தது.

குடை விழுந்தது. மாமா கத்தவில்லை. கீழே சாயவும் இல்லை. மனைவியின் கையைப் பற்றியபடி விறைத்து நின்றார். இப்போது முனகல் சுவரிலிருந்து வரவில்லை. மூடிய இரண்டு வாய்களிலிருந்து வந்தது. ஒரே சீராக.

நாற்காலி. எடு. கால் நகரவில்லை.

மாமாவின் தலை மெதுவாக, மிக மெதுவாக அவன் பக்கம் திரும்பியது. மற்றக் கை எழுந்து அவனை நோக்கி நீண்டது. விரல்கள் விரிந்தன. நுனிகளில் மழைத்துளிகள். கீழே விழாமல், அவன் இருக்கும் திசையில் சாய்ந்து, அவை நடுங்கிக்கொண்டிருந்தன.